தெற்கே எழுந்த புகை

கள்ளக்குறிச்சியில் தீ பார்க்கும் பாராக்கூண்டை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி நிர்மலாவுக்குப் பேருந்தில்தான் தெரிந்தது. மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மாதத்துக்கு ஒருமுறை அம்மா அப்பாவைப் பார்க்க வருவாள். அன்றைக்கு முன் இருக்கையில் இருந்த இருவர் சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு எதற்குமே இடம் போதவில்லை, அந்தப் பழைய கூண்டு பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மாசிக்குள் எடுத்துவிடுவார்கள் என்றார் ஒருவர்.

"எடுக்கட்டும். புறா எச்சம்தான் கொட்டிக்கினு இருக்குது" என்றார் மற்றவர்.

நிர்மலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கூண்டின் கடைசிப் பாராக்காரர் அவளுடைய அப்பா பிச்சைமுத்து.

கூண்டு கட்டப்பட்ட காலத்தில் ஊரில் ஓட்டு வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கூரை. ஒரு சித்திரை மாதம் நண்பகலில் யாரோ வைக்கோல் போர் அருகே போட்ட நெருப்பு, காற்றில் கூரைக்குக் கூரை தாவி, சந்தைத் தெரு வரைக்கும் எரித்துவிட்டுத்தான் அடங்கியது. அதற்குப் பிறகு வியாபாரிகள் ஒன்றுகூடி, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஐம்பது அடி உயரத்துக்கு அதை எழுப்பினார்கள். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி. மேலே நான்கு பக்கமும் திறந்த ஒரு மாடம். நடுவில் ஒரு வெண்கல மணி. தை மாதம் தொடங்கி ஆனி முடியும் வரை பகல் முழுவதும் அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். எங்கே புகை கண்டாலும் மணி அடிக்க வேண்டும். கிழக்கென்றால் ஒரு அடி, தெற்கென்றால் இரண்டு, மேற்கு மூன்று, வடக்கு நான்கு. அடித்த பிறகு சிவப்புக் கொடியை அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கொடியைப் பார்த்துத்தான் கீழே இருப்பவர்கள் ஓடுவார்கள். தண்ணீர் லாரி வந்த பிறகும் அதே வழக்கம்தான். தீ அணையும் வரை பாராக்காரர் இறங்கக் கூடாது.

மேற்கே கல்வராயன் மலையில் கோடையில் அடிக்கடி புகை கிளம்பும். மலைப் புகைக்கு மணி கிடையாது. ஊர்ப் புகைக்கு மட்டும்தான். மணி கேட்டால் ஊரே கைவேலையை நிறுத்திவிட்டு எண்ணும். தன் பக்கம் இல்லையென்றால் மறுபடி வேலையைப் பார்க்கும்.

பிச்சைமுத்து முப்பது வயதில் அந்த வேலைக்கு வந்தார். கண் பார்வை கூர்மையானவர் என்பதற்காகவே எடுத்தார்கள். அடுப்புப் புகையையும் வீடு எரியும் புகையையும் நிறத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்.

நிர்மலாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு பங்குனி மாதத்து நண்பகலில், மேற்கே மரவாடியில் தீப்பிடித்தது. மூன்று அடி அடித்தார். லாரி மேற்கே போனது. அரை மணி நேரம் கழித்துத் தெற்கே ஏரிக்கரைத் தெருவில் புகை எழுந்தது. இரண்டு அடி அடித்தார். ஊரில் வேறு லாரி இல்லை. வயல் வேலைக் காலம், தெருவில் ஆளும் இல்லை. பிச்சைமுத்து கொடியைத் தெற்கே நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். எரிந்தவை நான்கு வீடுகள். அதில் ஒன்று அவருடையது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மகன் ஜீவா இறந்துபோனான். மூன்று வயது.

இரங்கல் கூட்டத்தில் பேசிய ஊர்ப் பெரியவர் ஒருவர், தன் வீடு எரிவதைக் கண்ணால் பார்த்தும் கடமையை விட்டு இறங்காத மனிதர் என்று சொல்லி அழுதார். பத்திரிகையிலும் அப்படியே வந்தது. பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு அவருடைய மனைவி செல்லியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பாத்துக்கினேதான் நின்னியா?"

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செல்லியம்மாள் அவரிடம் பேசவில்லை. முப்பத்தெட்டு வருஷம். சோறு ஆக்கிப் போட்டாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. சின்ன வயதில் நிர்மலாதான் இருவருக்கும் நடுவே ஓடுவாள். "அப்பா, எண்ணெய் வாங்கியாரணுமாம்", "அம்மா, கடையில எண்ணெய் இல்லியாம்". அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு அந்த வீட்டில் வானொலி மட்டும் பேசியது. வீடுகளுக்குத் தொலைபேசி வந்த காலத்தில் பாரா வேலையை எடுத்துவிட்டார்கள். பிச்சைமுத்து குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ஆளாகி, அதிலேயே ஓய்வும் பெற்றார்.

நிர்மலா அம்மாவின் பக்கம்தான். அப்பாவின் கையைப் பிடித்து நடந்த ஞாபகம்கூட அவளுக்கு அவ்வளவாக இல்லை. எறங்கி ஓடி வந்திருக்கலாமே என்று அவளும் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, செல்லியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆதிமூலம் வாத்தியார் வந்துட்டுப் போனாரு" என்றாள். "கூண்ட இடிக்கறதுக்கு முன்னாடி விழா வெக்கறாங்களாம். கூண்டோட வரலாற கல்லுல எழுதி ரோட்டோரமா நடப் போறாங்களாம். உங்கப்பனுக்கு சால்வை போடறாங்களாம்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"நான் இன்னாத்தக் கண்டேன். போய் மாலை வாங்கிக்கினு வரட்டும். புள்ளைய எரியவுட்டதுக்கு இன்னும் ஒண்ணு போடட்டும்."

பிச்சைமுத்து வீட்டின் பின்பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரில் வருவது ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதுகூடக் குரல் கேட்டால்தான் தெரியும். கையில் ஒரு தாளை வைத்திருந்தார்.

"நிர்மலாவா? இதைப் படி. வாத்தியார் குடுத்துட்டுப் போனாரு."

கல்லில் எழுதப்போகும் வாசகம். கூண்டு கட்டிய கதை, மணிக் கணக்கு எல்லாம் இருந்தது. கடைசி வரியை நிர்மலா மெதுவாகப் படித்தாள். 'தன் இல்லம் எரிவதைக் கண்டும் கடமை தவறாது நின்ற பிச்சைமுத்து இதன் கடைசிக் காவலர்.'

"அந்தக் கடைசி வரிய எடுக்கச் சொல்லணும்மா."

"ஏம்ப்பா? ஊரே அதான சொல்லுது."

"சொல்றதுன்னா வாயோட போயிடும். கல்லுல வெட்டறாங்க. எம்புள்ள எரியறதப் பாத்துக்கினு மணி அடிச்சவன்னு வெட்டறாங்க." அவர் கைநீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எனக்குத் தெரியாது நிர்மலா."

"இன்னா தெரியாது?"

"நம்ம வூடுன்னு தெரியாது. மேலருந்து பாத்தா ஏரிக்கரைத் தெரு முச்சூடும் புளியமரந்தான். புகை மரத்துக்கு மேல வருது. எந்த வூடுன்னு எப்பிடித் தெரியும்? வைக்கப்போருன்னு நெனச்சேன். மாத்து ஆள் மேல ஏறி வந்து சொன்னப்பதான் தெரியும். தெரிஞ்சிருந்தா ஐம்பது அடியும் குதிச்சே எறங்கியிருப்பேன்."

நிர்மலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஏம்ப்பா சொல்லல? அம்மா கேட்டாங்கல்ல? முப்பத்தெட்டு வருசமா ஏம்ப்பா சொல்லல?"

அவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். முறத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சாம்பல்ல பூட்டு கெடந்துது. பூட்டின பூட்டு. ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் எடுத்தேன். ஈரத் துண்டுல சுத்தி எடுத்தும் சுட்டுது. களை எடுக்கப் போகசொல்ல, புள்ள ரோட்டுக்கு வந்துடுவான்னு வெளிய பூட்டிட்டுப் போயிருக்குது உங்கம்மா. லாரி ரோடு அது. பயம் அதுக்கு. பொழுது சாயறதுக்குள்ள தெருவுல பேச ஆரம்பிச்சிட்டாளுங்க. புள்ளைய தனியா வுட்டுட்டுப் போனாளே, எப்பிடி மனசு வந்துதுன்னு. பூட்டு வேற தெரிஞ்சிதுன்னு வெச்சிக்க, உங்கம்மா அன்னிக்கே கெணத்துல வுழுந்திருக்கும். அப்பதான் அந்தப் பெரியவரு மேடையில அப்பிடிப் பேசினாரு. அதோட பேச்சு எல்லாம் எம்மேல வந்துடுச்சு. அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"பூட்டு எங்கப்பா?"

"ஏரியில போட்டுட்டேன், அன்னிக்கே." அவர் நிர்மலாவின் கையைத் தேடிப் பிடித்தார். "உங்கம்மாவுக்குப் பூட்டினது ஞாபகமே இல்ல போலக்குது. ஒருநாளும் பேச்செடுக்கல. நீ சொல்லிடாதே. அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லு, போதும்."

அன்று மாலையே நிர்மலா ஆதிமூலம் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் அவர். ஊரில் எந்தப் பழைய கட்டிடத்தைப் பற்றிக் கேட்டாலும் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரிப்பார். நிர்மலா தனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்னாள். எந்த வீடு என்று தெரியாமல்தான் அப்பா நின்றார், அந்த வரி வேண்டாம் என்றாள். பூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்திரிகையில வந்திருக்கேம்மா. நான் வெச்சிருக்கேன். இந்த ஊருக்குப் பெருமையா சொல்லிக்க அது ஒண்ணுதான இருக்குது?"

"அது எங்களுக்குப் பெருமையில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மனுஷர் நல்லவர்தான். ஆனால் எதையும் நேரில் கேட்டு உறுதி செய்யாமல் எழுதமாட்டார். மறுநாள் காலை அவரே வந்துவிட்டார். அப்போது நிர்மலா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு திரும்பி வரும்போது, வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பதையும், அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நிற்பதையும் பார்த்தாள். ஓடி வருவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"உங்க பொண்ணு சொல்லுதும்மா, அன்னிக்கு எரியறது தன் வூடுன்னே அவருக்குத் தெரியாதாம். புளியமரம் மறைச்சிடுச்சாம். உங்ககிட்ட அவரு அப்பிடித்தான் சொல்லியிருக்காரா?"

செல்லியம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு நிர்மலாவைப் பார்த்தாள். குடம் நிர்மலாவின் இடுப்பிலிருந்து நழுவி, தண்ணீர் அவள் காலெல்லாம் கொட்டியது.

"ஆமாங்க" என்றாள் செல்லியம்மாள். "அப்பிடித்தான்."

வாத்தியார் போன பிறகு அவள் வெகு நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு பின்பக்கம் போனாள். நிர்மலாவும் பின்னாலேயே போனாள்.

பிச்சைமுத்து கட்டிலில் படுத்திருந்தார். அருகில் வந்து நின்ற காலடி யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பேச்சு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ந்தா" என்றாள் செல்லியம்மாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மேல்துண்டைத் தேடினார். அந்நிய மனுஷர் யாரோ வந்துவிட்டதைப் போல.

"உனக்குத் தெரியாதா? நம்ம வூடுதான்னு தெரியாமதான் நின்னியா?"

"தெரியாது செல்லி."

"அன்னிக்கு நான் கேட்டேனே. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

நிர்மலாதான் அழுதுகொண்டே சொன்னாள். "ஒண்ணும் இல்லம்மா. வுட்டுடும்மா. பழசெல்லாம் எதுக்கு?"

"நீ சும்மா இரு." செல்லியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "பூட்டு உனக்குக் கெடச்சிதா?"

பிச்சைமுத்து அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பூட்டினவ நான். எனக்குத் தெரியாதா? சாவி என் இடுப்புலதான் இருந்துது. கொல்லியில குனிஞ்சி களை எடுக்கசொல்ல குத்திக்கினே இருந்துது. ரெண்டு அடி கேட்டுச்சு. தெக்கன்னு எண்ணிட்டு, வைக்கப்போரு யாருதோன்னு நெனச்சிக்கினு மறுபடியும் குனிஞ்சிட்டேன்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "சாம்பலக் கிளறி பூட்டத் தேடினேன். காணோம். யாரு எடுத்தாங்கன்னு தெரியல. எப்ப எவ வந்து கேப்பாளோன்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல."

"நான்தான் எடுத்தேன்" என்றார் பிச்சைமுத்து.

"எடுத்தவன் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஏண்டி பூட்டினன்னு ஒரு அடி அடிக்கக் கூடாதா? நீ பேசாம இருந்த. பாத்துக்கினு நின்னவன், அதான் என்னியக் கேக்க வாய் வரலன்னு நெனச்சேன். நான் பூட்டினாலும், இவன் எறங்கி வந்திருந்தா ஒடச்சிருப்பானேன்னு நெனச்சேன். தெனமும் அத நெனச்சிதான் எழுந்திருப்பேன். உன்ன வையறத வெச்சிதான் நான் உசுரோட இருந்தேன். இப்ப அதுவும் இல்லேன்னு ஆயிடுச்சே."

அவள் அழவில்லை. பிச்சைமுத்துதான் அழுதார். புரை விழுந்த கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாயில் நின்றது. கட்டிலை விட்டு இறங்கி, கையால் தரையைத் தடவிக்கொண்டு வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அதற்கு மேல் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிர்மலா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

விழாவுக்குப் பிச்சைமுத்து போகவில்லை. வாத்தியார் கல்லிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார். 'பிச்சைமுத்து இதன் கடைசிக் காவலர்' என்று மட்டும் இருந்தது. சால்வையை வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

செல்லியம்மாள் அவரிடம் பேசத் தொடங்கிவிட்டாள் என்று சொல்லலாம். ஆனால் பேசுவதற்கு அவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மறுபடியும் அரைநாள் சும்மா இருப்பார்கள். அவள் முன்பைவிட மெலிந்துபோனாள். இரவில் எழுந்து வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள் என்று பக்கத்து வீட்டு அம்சவள்ளி நிர்மலாவிடம் தொலைபேசியில் சொன்னாள். முன்பெல்லாம் அப்படிச் செய்ததில்லை. அப்பா அந்த ரகசியத்தை எதற்காக அத்தனை காலம் சுமந்தார் என்று நிர்மலாவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. தான் வாத்தியாரிடம் போகாமலே இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தாள். கல்லில் பொய் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமோ?

மாசி மாதம் ஒரு புதன்கிழமை இடிப்பதாக நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் செல்லியம்மாளே நிர்மலாவிடம் தொலைபேசியில் பேசினாள். "நீயும் வா. அது போய்ப் பாக்கணும்னு சொல்லுது. தனியா இஸ்துக்கினு போக என்னால ஆவாது."

மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மணியை எப்போதோ இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். மாடத்தின் ஒரு தூண் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. இடிக்கும் இயந்திரம் வரவில்லை. சங்கராபுரம் பக்கம் வேறு வேலையில் மாட்டிக்கொண்டது, நாளை மறுநாள்தான் வரும் என்று கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் சொன்னான். ஆனாலும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. நிர்மலா டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிச்சைமுத்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூண்டின் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார்.

"செல்லி" என்றார். "அன்னிக்குக் காலையில நான் இருட்டோடவே வந்துட்டேன். அவன் தூங்கிக்கினு இருந்தான். பெறகு எழுந்து இன்னா சாப்ட்டான்?"

செல்லியம்மாள், சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"பழையது கரைச்சிக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான். வெல்லம் கேட்டான். வெல்லம் இல்ல. நாளைக்கு வாங்கித் தர்றேன்னேன்."

"அழுதானா?"

"இல்ல. சரின்னுட்டான்."

பிச்சைமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சேதி அது. அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பவரைப் போல உதடு அசைந்தது.

நிர்மலாவும் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட.

"எங்கூட இஸ்கூலுக்கு வரேன்னு பாவாடையப் புடிச்சிக்கினு வந்தாம்மா" என்றாள். "தெருமுனை வரைக்கும் வந்தான். கையத் தட்டிவுட்டுட்டு ஓடிட்டேன்."

செல்லியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். முந்தானையால் மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அவன் தெனமும்தாண்டி அப்பிடி வருவான்" என்றாள். "தெனமும்தான் நீ தட்டிவுட்டுட்டு ஓடுவ. அதுக்கு இன்னா."

வெயில் படிக்கு வந்துவிட்டது. செல்லியம்மாள் எழுந்து, பிச்சைமுத்துவின் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி நிர்மலாவிடம் கொடுத்தாள். "எழுந்திரு. போலாம்" என்று அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆட்டோ நிற்கும் இடம் தூரம். சாலையில் நெரிசல். மூவரும் ஓரமாகவே மெல்ல நடந்தார்கள்.